ஆறு குடைந்த மலைகள், அடிவாரத்தில் தமிழர்கள்

வடக்கு–தெற்கு நெடுஞ்சாலையில் ஈப்போவை நெருங்கும்போது இருபுறமும் செங்குத்தாக எழும் சுண்ணாம்புக்கல் மலைகளைப் பார்த்து வியக்காதவர் குறைவு. பேராக் மாநிலத்தின் சுற்றுலாப் படங்களில் முதல் இடம் இந்த மலைகளுக்குத்தான். தைப்பூசத்தின்போது புந்தோங்கிலிருந்து புறப்படும் காவடிகள் சென்று சேர்வதும் இவற்றில் ஒன்றான குனோங் சீரோவின் அடிவாரத்துக்கே. பத்துமலை, பினாங்கு தண்ணீர்மலை ஆகியவற்றோடு சேர்த்துச் சொல்லப்படும் ஈப்போ கல்லுமலை சுப்பிரமணியர் ஆலயம் அங்கேதான் இருக்கிறது.

அதே குனோங் சீரோவில் 1973 அக்டோபர் 18ஆம் நாள் ஒரு பெரும் பாறைப் பகுதி பிரிந்து விழுந்தது. அடிவாரத்துக் குடியிருப்பில் சுமார் 40 பேர் உயிரிழந்தனர். மலேசியாவின் பாறைச் சரிவுகளில் மிக மோசமானவற்றுள் ஒன்றாகப் புவியியலாளர்கள் இதைக் குறிப்பிடுகிறார்கள். ஆனால் இன்று ஈப்போவில் 50 வயதுக்குட்பட்ட எத்தனை பேருக்கு இது தெரியும்? 1993 டிசம்பரில் 48 பேரைப் பலிகொண்ட ஹைலண்ட் டவர்ஸ் அடுக்ககச் சரிவு நாட்டின் நினைவில் நிலைத்துவிட்டது. 2022 டிசம்பரில் 31 பேர் மாண்ட பத்தாங் காலி நிலச்சரிவும் மறக்காது. குனோங் சீரோ மட்டும் மறந்துபோனது. அங்கே இறந்தவர்கள் அடுக்கக வாசிகளோ சுற்றுலாப் பயணிகளோ அல்லர். மலையடியில் குடியிருந்த ஏழைகள் என்பது அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

கிந்தா பள்ளத்தாக்கு மலைகளின் அழகும் ஆபத்தும் ஒரே காரணத்திலிருந்து பிறப்பவை. அதைப் புரிந்துகொண்டால்தான் அடிவாரத்தில் இருக்கும் ஆலயங்கள், கம்பங்கள், பள்ளிகள் பற்றிய பேச்சு சரியான திசையில் செல்லும்.

கிழக்கே தித்திவாங்சா மலைத்தொடர், மேற்கே கிளேடாங் மலைத்தொடர். இரண்டும் கருங்கல். நடுவில் கிடக்கும் பள்ளத்தாக்கின் அடிப்பாறை சுண்ணாம்புக்கல். பல கோடி ஆண்டுகளுக்கு முன் இப்பகுதி கடலாக இருந்தபோது படிந்தது அது. பின்னர் பூமிக்கடியிலிருந்து கொதிக்கும் பாறைக்குழம்பு மேலெழுந்து கருங்கல்லாக இறுகியது. அந்த வெப்பத்தில் சுண்ணாம்புக்கல்லின் பெரும்பகுதி பளிங்காக மாறியது. ஈயமும் அந்தக் கருங்கல்லோடு வந்ததுதான். உலகின் வளமிக்க ஈய வயல்களில் ஒன்றாகக் கிந்தாவை ஆக்கியதும், சீனர்களையும் தமிழர்களையும் இங்கே கொண்டுவந்து சேர்த்ததும் அந்தப் பாறைக்குழம்பே என்றால் மிகையில்லை.

மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவை உறிஞ்சி மெல்லிய அமிலமாகிறது. கருங்கல்லை அது எளிதில் ஒன்றும் செய்யாது. சுண்ணாம்புக்கல்லைக் கரைத்துவிடும். அழுகிய இலைதழைகள் ஊறிக் கிடக்கும் சதுப்பு நீராக இருந்தால் அமிலம் இன்னும் கூடும். குனோங் கொர்பு மலைப்பகுதியிலிருந்து இறங்கி வரும் கிந்தா நதியும், பாரி, ராயா, கம்பார் ஆறுகளும் பல்லாயிரம் ஆண்டுகளாக இந்தப் பள்ளத்தாக்கின் சமவெளியில் இடமும் வலமுமாகத் திரும்பித் திரும்பி ஓடியவை. கரையை அரித்தபடியே நகரும் ஆறு ஒரு மலையின் காலைத் தொட்டதும், அங்கே பக்கவாட்டில் குடையத் தொடங்குகிறது. மண்ணை அடித்துச் செல்வதோடு நிற்காமல் பாறையையும் கரைக்கிறது. வெள்ளநீர் தேங்கும் சதுப்பும் அதே வேலையைச் செய்கிறது. மலையின் அடியைச் சுற்றி, வாய் பிளந்தது போல் கிடைமட்டமாக ஒரு குடைவு விழுகிறது. சில இடங்களில் ஆள் புகுந்து நிற்கும் அளவுக்கு அது ஆழமாகப் போகும்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஆற்றோரத்து ரப்பர் மரத்தின் வேருக்கடியில் தண்ணீர் மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கும். மரம் மேலே பச்சையாகவே நிற்கும், பாலும் கொடுக்கும். ஒருநாள் காற்றே இல்லாத நேரத்தில் சாய்ந்துவிடும். சுண்ணாம்புக்கல் மலையிலும் நடப்பது ஏறக்குறைய அதுவே. அடி குடையப்பட்டதும் மேலே இருக்கும் பாறைக்குத் தாங்கல் இல்லை. பாறைக்குள் ஏற்கெனவே மேலிருந்து கீழாக ஓடும் விரிசல்களில் மழைநீர் இறங்கி அவற்றை அகலப்படுத்துகிறது. மரவேர்கள் உள்ளே புகுந்து நெம்புகின்றன. ஒரு கட்டத்தில் பாறை பலகையாகப் பிரிந்து விழுகிறது. விழுந்த இடத்தில் சுவர் போல் செங்குத்தான முகம் மிஞ்சுகிறது.

பயணிகள் படமெடுக்கும் அந்தச் செங்குத்துச் சுவர் அப்படி விழுந்து விழுந்து உருவான முகம். கிந்தா மலைகள் மற்ற மலைகளைப் போல் சரிவாக இல்லாமல் கோபுரம் போல் நிற்பதற்கும் இதுவே காரணம். சீனாவின் குய்லினிலும் வியட்நாமின் ஹாலோங் விரிகுடாவிலும் இதே வகைக் கோபுர மலைகள் உள்ளன. ஹாலோங்கில் குடைவது ஆறு அல்ல, கடல்.

ஆறு மலையைச் சுற்றிக் குடைவதோடு விடாமல் உள்ளே புகுந்து மறுபுறம் வெளியே வந்த இடமும் பேராக்கில் உண்டு. கோப்பெங் அருகே குவா தெம்புருங் குகைக்குள் சுமார் ஒன்றரை கிலோமீட்டர் நீளத்துக்கு ஆறு ஓடுகிறது. ஆந்திராவின் போரா குகைகளைக் கோஸ்தானி ஆறு குடைந்ததாகச் சொல்வார்களே, அதே கதை. குகைக்குள் போய் வருகிறவர்கள் மேல்கூரையை அண்ணாந்து பார்க்கிறார்கள். அந்தக் கூரையை அவ்வளவு உயரத்துக்குக் கொண்டுபோனது காலடியில் ஓடும் முழங்கால் அளவுத் தண்ணீர்தான் என்பதை வழிகாட்டி சொன்னால்தான் உண்டு.

இப்படிப்பட்ட மலையின் அடியில் மக்கள் ஏன் குடியேறினார்கள்? "தெரியாமல் போய் உட்கார்ந்தார்கள்" என்று சொல்வது எளிது. கிந்தாவின் நிலக் கணக்கைப் பார்த்தால் வேறு பதில் கிடைக்கும். பள்ளத்தாக்கின் சமவெளி நிலம் ஈய லம்பங்களுக்குக் குத்தகைக்குப் போனது. மேட்டு நிலம் ரப்பர் கம்பெனிகளுக்குப் போனது. நகர நிலத்துக்கு விலை கொடுக்க வேண்டும். தோட்டத்தை விட்டு வெளியேறிய தமிழனுக்கு மிஞ்சியவை மூன்று: ஆற்றோர ஒதுக்கு நிலம், ரயில் தண்டவாள ஓரம், மலையடிவாரம். யாருக்கும் வேண்டாத நிலங்கள் அவை. வேண்டாததற்குக் காரணமும் இருந்தது: ஒன்றில் வெள்ளம், ஒன்றில் ரயில், ஒன்றில் பாறை.

1950களிலும் 60களிலும் நடந்த தோட்டத் துண்டாடல் இந்த வெளியேற்றத்தை வேகப்படுத்தியது. சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது இதைத் தடுக்கத்தான். அடுத்து, 1969 மே கலவரத்துக்குப் பின் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதி கட்டாயமானபோது பல்லாயிரம் தோட்டத் தொழிலாளர்கள் கப்பலேறினர். கப்பலேறாதவர்கள் நகரத்தின் ஓரங்களில் ஒதுங்கினர். குனோங் சீரோ பாறை விழுந்தது அதற்கு நான்கே ஆண்டுகள் கழித்து.

அந்த அடிவாரத்தில் வாழ்ந்தவர்களில் கடலை, முறுக்கு வியாபாரக் குடும்பங்களும் இருந்தன. கூடையைத் தலையில் சுமந்தும், சைக்கிளில் கட்டியும் ஈப்போ தெருக்களில் கச்சாங் பூத்தே விற்றவர்கள். பாறை விழுந்தபின் இந்தக் குடும்பங்கள் புந்தோங்கிற்கு இடம்பெயர்ந்தன. இன்று கச்சாங் பூத்தே கம்பம் என்று நாடெங்கும் பெயர் பெற்றிருப்பது அந்தக் குடியிருப்பு. தீபாவளிக்கு முன் முறுக்கு வாங்க கோலாலம்பூரிலிருந்தும் பினாங்கிலிருந்தும் கார்கள் வந்து நிற்கும் அந்தக் கம்பத்தின் பின்னால் இப்படியொரு விபத்து இருப்பது வாங்குகிறவர்களில் பலருக்குத் தெரியாது.

இன்றைய நிலைமைக்கு வருவோம். ஈப்போவைச் சுற்றியுள்ள சுண்ணாம்புக்கல் மலைகளின் அடியிலும் குகைகளிலும் இந்து ஆலயங்களும் சீனர் கோயில்களும் பௌத்த மடங்களும் நிறையவே உள்ளன. பேராக் தோங், சாம் போ தோங் போன்றவை உலகப் புகழ் பெற்றவை. கூரைத் தகடு போட்ட சிறு முனீஸ்வரர், காளியம்மன் கோயில்கள் யாருடைய பட்டியலிலும் இல்லாதவை. பெரிய ஆலயங்களுக்கு நிர்வாகமும் பணமும் அரசியல் தொடர்பும் உண்டு. சிறு கோயில்களுக்கும் அவற்றைச் சுற்றியுள்ள பழைய குடியிருப்புகளுக்கும் இருப்பது, அதிகபட்சம், டி.ஓ.எல். எனப்படும் தற்காலிக நில உரிமம். பலருக்கு அதுவும் இல்லை.

1965ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டத்தின்படி இந்த உரிமம் அந்த ஆண்டின் இறுதியோடு முடிந்துவிடும். ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிப்பதும் மறுப்பதும் நில அலுவலகத்தின் விருப்பம். உரிமமே இல்லாதவர் சட்டத்தின் பார்வையில் அரசு நிலத்தை ஆக்கிரமித்தவர். மலேசியாவில் நிலம் மாநில அரசின் அதிகாரத்துக்கு உட்பட்டது என்பதால் புத்ராஜெயாவுக்கு மனுப் போட்டாலும் அது ஈப்போவுக்கே திரும்பி வரும்.

பாதுகாப்புப் பேச்சு இங்கேதான் முடங்குகிறது. ஆலயத்துக்கு மேலே புதிதாக ஒரு விரிசல் தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். கனிமவளம், புவி அறிவியல் துறைக்குத் தகவல் சொன்னால் அதிகாரிகள் வந்து பார்ப்பார்கள். அறிக்கை எழுதுவார்கள். "ஆபத்தான பகுதி" என்று அதில் ஒரு வரி இருந்தால், அடுத்து நில அலுவலகத்திலிருந்து வருவது பாறையைக் கட்டிப்போடும் ஒப்பந்தக்காரராக இருக்காது. காலி செய்யச் சொல்லும் கடிதமாகத்தான் இருக்கும் என்று நிர்வாகத்தினர் அஞ்சுவதில் நியாயம் இருக்கிறது. ஆகவே விரிசலைப் பார்த்தவர் வாய் திறப்பதில்லை. நிலத்தின் மீது உரிமை இல்லாதவனால் அந்த நிலத்தின் ஆபத்தைப் பற்றிக்கூட வெளிப்படையாகப் பேச முடியவில்லை. மலேசிய மலையடிவாரங்களில் மிகப் பெரிய பாதுகாப்புக் குறைபாடு இந்த மௌனம்தான்.

கசப்பான இன்னொரு பக்கமும் உண்டு. அடிவாரத்தில் விளக்கேற்றுவது ஆபத்து என்று சொல்லப்படும் அதே வகை மலைகளில் வெடி வைத்துக் கல் உடைக்க அனுமதி கிடைக்கிறது. கிந்தா சுண்ணாம்புக்கல் சிமெண்டுக்கும் பளிங்குக்கும் தொழிற்சாலைப் பொடிகளுக்கும் போகிறது. மாநில அரசுக்கு வருமானம், பலருக்கு வேலை, அதை மறுப்பதற்கில்லை. தோட்டத்தை விட்டு வந்த தமிழர்களில் பலர் இந்தக் கல்குவாரிகளில்தான் லோரி ஓட்டினார்கள், ஓட்டுகிறார்கள். ஆனால் ஒரு மலையை இரண்டு அளவுகோல்களால் அளக்க முடியாது. வெடியதிர்வு பக்கத்து மலை முகத்தின் விரிசல்களை என்ன செய்கிறது என்ற கேள்வி, கோயில் ஆபத்தான இடத்தில் இருக்கிறதா என்ற கேள்விக்கு முன்னால் வர வேண்டும்.

செம்மோர் அருகே குனோங் காந்தான் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஒரு பக்கம் சிமெண்டு ஆலைக்காகக் கல் எடுக்கப்படும் மலை அது. உலகில் வேறெங்கும் இல்லாத உயிர்கள் அங்கே கண்டறியப்பட்டன: லிஃபிஸ்டியஸ் காந்தான் என்ற பொறிக்கதவுச் சிலந்தி, 2014இல் விவரிக்கப்பட்ட சாரோபா லஃபார்கெயி என்ற மிகச் சிறிய நத்தை. அந்த நத்தைக்கு, மலையை உடைத்துக்கொண்டிருந்த நிறுவனத்தின் பெயரையே ஆய்வாளர்கள் வைத்தார்கள். அதன் வாழ்வும் அழிவும் அந்த நிறுவனத்தின் கையில் இருக்கிறது என்பதற்காக. அதே மலையில் உள்ள பௌத்தக் குகை மடத்துக்கும் நிறுவனத்துக்கும் இடையிலான நிலத் தகராறு நீதிமன்றம் வரை போனது. சிலந்திக்கும் நத்தைக்கும் மடத்துக்கும் உலக அளவில் குரல் கொடுக்க ஆள் கிடைத்தது. தகடு போட்ட கோயில்களுக்கு அப்படி யாரும் இல்லை.

2018இல் கிந்தா பள்ளத்தாக்கு தேசியப் புவிப்பூங்காவாக அறிவிக்கப்பட்டது. கிந்தா, கம்பார் மாவட்டங்களின் மலைகளும் குகைகளும் ஈய லம்பங்களின் எச்சங்களும் இதில் அடங்கும். லங்காவி 2007இலும் கினாபாலு 2023இலும் யுனெஸ்கோவின் உலகப் புவிப்பூங்கா வரிசையில் இடம் பெற்றதைப் பார்க்கும்போது ஈப்போவுக்கும் அந்த ஆசை வருவது இயல்பு. ஆனால் பொதுமக்கள் ஒன்றைத் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும். புவிப்பூங்கா என்பது ஒரு பட்டம், சட்டம் அல்ல. யுனெஸ்கோ பட்டமே கிடைத்தாலும், உள்நாட்டுச் சட்டத்துக்கு உட்பட்டு நடக்கும் தொழிலை அது தானாக நிறுத்திவிடாது. மலையைக் காப்பதா உடைப்பதா என்பதை மாநில அரசுதான் தன் சட்டத்தால் முடிவு செய்ய வேண்டும். மனமிருந்தால் முடியும் என்பதற்குச் சிலாங்கூர் சாட்சி: பத்துமலையைச் சுற்றி நடந்த கல்லுடைப்பு 1980களில் மாநில அரசின் உத்தரவால் முடிவுக்கு வந்தது.

புவிப்பூங்காவின் நோக்கத்தில் பாறையோடு மக்களும் உண்டு. நிலத்தின் வரலாறு, அங்கு வாழ்ந்தவர்களின் வரலாறு, இயற்கைப் பேரிடர் குறித்த விழிப்பு ஆகிய மூன்றையும் சேர்த்தே யுனெஸ்கோ கேட்கிறது. அப்படிப் பார்த்தால் குனோங் சீரோவைவிடப் பொருத்தமான இடம் கிந்தாவில் ஏது? ஆறும் மழையும் குடைந்த மலை, அதன் அடியில் முருகன், 1973இன் பாறை, அங்கிருந்து புந்தோங் போன முறுக்குக் கூடைகள், எல்லாம் ஒரே இடத்தில். சாவு எண்ணிக்கையையும் தேதியையும் சொல்லும் ஒரு பலகையைத் தமிழிலும் மலாயிலும் சீனத்திலும் வைப்பதற்குப் பெரிய ஒதுக்கீடு எதுவும் தேவையில்லை.

1972லும் 1976லும் சரிவுகளில் ஏராளமானோரை இழந்த ஹாங்காங், 1977இல் தனியொரு அலுவலகம் அமைத்து நகரின் ஒவ்வொரு சரிவுக்கும் எண் கொடுத்துக் கணக்கெடுத்தது. மலேசியாவிலும் பொதுப்பணி இலாகாவில் 2004இல் சரிவுப் பொறியியல் பிரிவு உருவானது. 2009 முதல் 2023 வரைக்கான தேசியச் சரிவுப் பெருந்திட்டமும் வந்தது. இவை பெரும்பாலும் சாலையோரச் சரிவுகளையும் வெட்டிச் சமன்படுத்திய குன்றுகளையும் மனத்தில் கொண்டவை. சுண்ணாம்புக்கல் சுவரின் குணம் வேறு. மண்சரிவு பெரும்பாலும் கனமழையோடு வரும். மரங்கள் சாயும், தரை பிளக்கும், கொஞ்சம் எச்சரிக்கை கிடைக்கும். பாறைப் பலகை வெயில் காயும் நாளிலும் விழலாம். ஆகவே மழை எச்சரிக்கை வந்ததும் மக்களை வெளியேற்றும் முறை மட்டும் இங்கே போதாது. எந்த மலையின் எந்த முகம் எவ்வளவு குடையப்பட்டிருக்கிறது, விழுந்தால் எவ்வளவு தூரம் உருளும் என்று முன்கூட்டியே வரைபடம் போட்டு, அந்த வரைபடத்தை அடிவாரத்தில் இருப்பவர்கள் கையில் கொடுக்க வேண்டும்.

அடிவாரத்தில் இருப்பவர்களே கவனிக்கக்கூடிய அறிகுறிகளும் சில உண்டு. பழைய பாறை முகம் சாம்பல் நிறமாக, கறைபடிந்து இருக்கும். அதில் திடீரென வெள்ளையாகவோ இளமஞ்சளாகவோ ஒரு திட்டு தெரிந்தால் அங்கிருந்து அண்மையில் கல் பெயர்ந்திருக்கிறது என்று பொருள். கோயில் முற்றத்தில் காலையில் கூட்டும்போது கூர்மையான முனைகளோடு புதுச் சில்லுகள் கிடந்தால் அதைக் குப்பையோடு அள்ளிப் போட்டுவிடக் கூடாது. தேதி போட்டுக் குறித்துவைக்க வேண்டும். வழக்கமாக நீர் சொட்டும் இடம் மாறுவதும் விரிசல் மாறியதன் அடையாளமாக இருக்கலாம். விரிசலின் குறுக்கே சிறிது சிமெண்டு பூசிவைப்பது பொறியாளர்களின் பழைய முறை. விரிசல் நகர்ந்தால் சிமெண்டு வெடிக்கும். குறித்துவைத்ததை அதிகாரிகளிடம் தயங்காமல் கொடுக்கும் நிலை இருந்தால்தான் இவற்றுக்குப் பயன்.

அதற்கு மாநில அரசு ஒரே ஒரு வாக்குறுதி தந்தால் போதும்: ஆபத்து என்று தகவல் தந்த காரணத்துக்காக மாற்று நிலம் தராமல் எந்தக் குடியிருப்பும் வழிபாட்டு இடமும் காலி செய்யப்படாது என்று எழுத்தில். ஆலய நிர்வாகங்களுக்கும் இதில் பொறுப்பு உண்டு. உரிமத்தைப் புதுப்பிக்கும் தேதியை மறந்துவிட்டு நோட்டீஸ் வந்தபின் அரசியல்வாதியைத் தேடி ஓடுவதும், மலைக்கு நெருக்கமாக மேலும் மேலும் மண்டபம் கட்டுவதும் நிற்க வேண்டும். ஒரு சன்னிதி பாறைக்கு அருகே இருப்பது மரபு. அன்னதானக் கூடத்தை அங்கேயே கட்ட வேண்டும் என்று எந்த மரபும் சொல்லவில்லை.

மாற்று நிலம் என்றால் எப்படிப்பட்டது என்பதும் முக்கியம். தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறியபோது லயத்து மக்களை ஆளுக்கொரு திசையில் மலிவு விலை அடுக்ககங்களில் அடைத்ததன் விளைவு எல்லாரும் பார்த்ததுதான். தொழில் போனது, கோயில் போனது, தமிழ்ப்பள்ளியில் பிள்ளைகள் குறைந்தனர். குனோங் சீரோவிலிருந்து போனவர்கள் கதை அப்படி ஆகவில்லை. அவர்கள் ஈப்போவுக்குள்ளேயே, தமிழர்கள் நிறைந்த புந்தோங்கில், சேர்ந்தே குடியேறினார்கள். அடுப்பு வைக்கவும் மாவு காயப்போடவும் அங்கே இடம் இருந்தது. ஐம்பது ஆண்டுகள் கழித்தும் அந்த அடுப்புகளில் முறுக்கு வேகிறது.